வழிபாட்டின் காவலர் உமர் (ரலி)



வெள்ளிக்கிழமை நண்பகலில் இமாம் அவர்கள் மிம்பரில் ஏறி நிற்கின்றார்கள். தோளோடு தோள் உராய மக்கள் அமர்ந்திருக்கின்றனர். அத்தனை பேர் கூடியிருந்தும் பள்ளிவாசலில் இமாமின் குரலன்றி வேறு குரல் இல்லை. குத்பா நடைபெறும் வேளையில், பேசுகின்ற ஒருவரைப் பார்த்து வாய்மூடியிருக்கும்படி சொல்வதுகூட வீண்பேச்சாகவே கருதப்படும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த ஒழுக்கம்.

இவ்வமைதியில் நீங்கள் பிறந்தீர்கள்; இதிலேயே வளர்ந்தீர்கள். எனவே இது காற்றைப்போல் இயல்பாகக் கிடைத்த ஒன்று என உங்களுக்குத் தோன்றலாம். ஆனால், இறைவனை வணங்க நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் கல்லும் வசையும் வந்து விழுந்த காலம் ஒன்றிருந்தது. அந்தக் காலத்தையும், அதனை மாற்றியமைத்த ஒரு மாமனிதரையும் இன்று நினைவுகூர்வோம். இரண்டாம் கலீஃபா ஹஸ்ரத் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்களே அம்மாமனிதர். அவர்களின் வாழ்வைப் படைகளின் வெற்றியாகவும் பேரரசின் விரிவாகவும் நாம் பலமுறை படித்திருக்கின்றோம். வழிபாட்டுக்காகக் கூடியவர்களின் அமைதியைக் காத்த வாழ்வாக இன்று அதனை நோக்குவோம்.

கலைக்கப்பட்ட தொழுகைகள்

மக்காவின் தொடக்க ஆண்டுகளில் முஸ்லிம்கள் ஊருக்கு வெளியே உள்ள மலைக்கணவாய்களில் மறைந்து தொழுதார்கள். அங்கும் குறைஷிகள் சிலர் தேடிவந்து இகழ்ந்து தொல்லை கொடுத்தனர். ஒருமுறை அது கைகலப்பாக முற்றி, ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் ஒட்டகத்தின் தாடை எலும்பால் எதிரி ஒருவனை அடிக்க, அவன் குருதி சிந்தினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

கஅபாவின் முற்றத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் சிரம் பணிந்திருந்தபோது உக்பா இப்னு அபீ முஐத் என்பவன் ஒட்டகத்தின் குடலைக் கொண்டுவந்து அவர்களின் முதுகின்மேல் போட்டான். அங்கிருந்தோர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தனர். சிறுமியாயிருந்த அருமை மகள் ஃபாத்திமா (ரலி) அவர்கள் ஓடிவந்து அதனை அகற்றும்வரை பெருமானார் தலையை உயர்த்தவில்லை. அருகிலிருந்து இதனைக் கண்ட இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்குத் தடுக்கும் வலிமை இல்லை.

திருமறையும் இக்கொடுமையைப் பதிவு செய்துள்ளது. தொழுகின்ற அடியாரைத் தடுப்பவனை அலக் அத்தியாயம் கண்டிக்கின்றது. குர்ஆன் ஓதப்படும்போது செவிசாய்க்க வேண்டாம் என்றும், கூச்சலிட்டு அதனை வென்றுவிடலாம் என்றும் நிராகரிப்பாளர்கள் தம்முள் பேசிக்கொண்டதை 41-ஆம் அத்தியாயத்தின் 26-ஆம் வசனம் காட்டுகின்றது. வழிபாட்டைக் குலைக்கக் கூச்சலைப் படைக்கலமாகக் கொள்ளும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதைப் பாருங்கள்!

கலைத்தவரே காவலரானார்

அந்நாளில் உமர் அவர்கள் நின்ற அணி எது? கலைத்தவர்களின் அணியே. குறைஷிகளின் பனூ அதீ குலத்தில் பிறந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த மிகச் சிலருள் ஒருவர். நெடிய உடலும் கடிய சினமும் கொண்டவர்கள். இஸ்லாத்தை ஏற்ற அடிமைப் பெண் ஒருத்தியை, தம் கை சோரும்வரை அடித்தார்கள் என்றும், பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்பெண்ணை விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள் என்றும் வரலாறு மறைக்காமல் கூறுகின்றது.

நபித்துவத்தின் ஆறாம் ஆண்டில், கி.பி. 616 அளவில், அண்ணலாரைக் கொன்றுவிடும் எண்ணத்துடன் வாளேந்திப் புறப்பட்டார்கள். வழியில் நுஐம் இப்னு அப்துல்லாஹ் என்பவர், முதலில் உம்முடைய வீட்டைப் பாரும் என்று திருப்பிவிட்டார். தங்கை ஃபாத்திமாவின் இல்லத்தில் கப்பாப் (ரலி) அவர்கள் தாஹா அத்தியாயத்தை ஓதிக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் ஒருவர், கணவன் மனைவி இருவர். ஆக மூவர் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு அவை அது. உமர் அவர்கள் உள்ளே புகுந்ததும் கப்பாப் ஒளிந்துகொண்டார். மைத்துனர் ஸயீத் தாக்கப்பட்டார். தடுக்க வந்த தங்கையின் முகத்தில் இரத்தம் வழிந்தது.

அந்த இரத்தமே உமர் அவர்களை நிறுத்தியது. தாம் கலைத்த அவையில் என்னதான் ஓதப்பட்டது என்று கேட்டார்கள். தூய்மை செய்துகொண்டு அவ்வேட்டை வாங்கிப் படித்தார்கள். கல் கரைந்தது. அங்கிருந்து அர்க்கம் (ரலி) அவர்களின் இல்லம் சென்று அண்ணலாரின் முன் இஸ்லாத்தைத் தழுவினார்கள்.

அதன்பின் முஸ்லிம்கள் கஅபாவின் அருகில் வெளிப்படையாகத் தொழலாயினர். உமர் இஸ்லாத்தை ஏற்கும்வரை தாங்கள் அங்கே தொழ இயலாதிருந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். மூவர் கூடிய அவையைக் கலைத்த அதே கைகள், ஒரு சமுதாயத்தின் தொழுகைக்கு அரணாகிவிட்டன.

வலிமைக்குக் கிடைத்த பயிற்சி

ஆயினும் வாசகர்களே, வலிமை மட்டும் காவலாகிவிடாது. அந்த வலிமைக்குக் கட்டுப்பாடு வேண்டும். அதனை மதீனாவில் அண்ணலார் (ஸல்) அவர்கள் உமர் (ரலி) அவர்களுக்குப் படிப்படியாகக் கற்பித்தார்கள்.

இரவுத் தொழுகையில் அபூபக்ர் (ரலி) அவர்கள் மிக மெதுவாக ஓதினார்கள். உமர் (ரலி) அவர்கள் உரத்த குரலில் ஓதினார்கள். தூங்குவோரை எழுப்பவும் ஷைத்தானை விரட்டவுமே அவ்வாறு ஓதுவதாக உமர் அவர்கள் விளக்கமளித்தார்கள். அண்ணலாரோ முன்னவரைக் குரலைச் சற்று உயர்த்தவும், உமரைச் சற்றுத் தாழ்த்தவும் பணித்தார்கள். நல்ல நோக்கமே ஆயினும், ஓதும் குரலுக்கும் ஓர் அளவு உண்டு என்பதே அப்பாடம்.

மற்றொரு நாள் ஹிஷாம் இப்னு ஹக்கீம் (ரலி) அவர்கள் தொழுகையில் ஃபுர்க்கான் அத்தியாயத்தைத் தாம் அறியாத முறையில் ஓதுவதை உமர் அவர்கள் கேட்டார்கள். இறைவாக்கு திரிக்கப்படுகின்றதோ என்று உள்ளம் கொதித்தது. தொழுகையிலேயே அவர்மேல் பாய்ந்துவிடும் அளவுக்குச் சினம் மூண்டது. எனினும் பாயவில்லை. அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை பொறுத்திருந்து, பின்னரே அவருடைய மேலாடையைப் பற்றி அண்ணலாரிடம் அழைத்துச் சென்றார்கள். அண்ணலார் இருவரையும் ஓதச்செய்து, இருவர் ஓதியதும் சரியே என்று தீர்ப்பளித்தார்கள். எண்ணிப் பாருங்கள்! உமர் அவர்கள் பாய்ந்திருந்தால் பிழையற்ற ஒரு தொழுகை அன்று முறிந்திருக்கும். தவறு என்று நாம் உறுதியாக நம்புவதும் தவறாக இல்லாமற்போகலாம். ஆதலால் வழிபாடு முடியும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவினர், தங்கள் வழிபாட்டு வேளை வந்ததும் மதீனாப் பள்ளியிலேயே எழுந்து வணங்க முற்பட்டனர். தோழர்கள் தடுக்க முனைந்தபோது அண்ணலார் அவர்களை விட்டுவிடும்படி கூறினார்கள் என்று சீரா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதியுள்ளார். இத்தகைய பள்ளியிலேதான் வருங்காலக் கலீஃபா பயின்றார்கள்.

கலீஃபாவின் பள்ளிவாசல்

கி.பி. 634-இல், ஹிஜ்ரி 13-இல், உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவானார்கள். ஒரு ரமலான் இரவில் மதீனாப் பள்ளிக்குச் சென்றபோது மக்கள் சிதறிச் சிதறித் தொழுதுகொண்டிருந்தனர். ஒருவர் தனியே ஓதுவார்; வேறொருவர் பின்னே சிறு கூட்டம் நிற்கும். ஒரு கூட்டத்தின் ஓதல் மறு கூட்டத்தின் செவியில் மோதும். கலீஃபா அவர்கள் எவரையும் விரட்டவில்லை. உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை இமாமாக்கி அனைவரையும் ஒரே அணியாக்கினார்கள். மறுநாள் இரவு அக்காட்சியைக் கண்டு மகிழ்ந்தார்கள். இன்று உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தராவீஹ் ஜமாஅத் நிற்கும்போதெல்லாம் அந்த ஏற்பாட்டின் நிழலில்தான் நிற்கின்றீர்கள்.

ஸாயிப் இப்னு யஸீத் (ரலி) அவர்கள் ஒருநாள் பள்ளியில் நின்றிருந்தபோது அவர்மேல் சிறு கல் ஒன்று வந்து விழுந்தது. திரும்பினால் கலீஃபா உமர் அவர்கள்! குரலெழுப்பிப் பேசிக்கொண்டிருந்த இருவரை அழைத்துவரச் சைகை செய்தார்கள். இறையில்லத்தில் உரத்த குரல் எழக்கூடாது என்பதற்காகத் தம் குரலையும் உயர்த்தாமல் கல்லெறிந்து அழைத்த நுட்பத்தைக் கவனியுங்கள். அவ்விருவரும் தாயிஃப் நகரத்தார் என்று தெரிந்ததும், உள்ளூர்க்காரராயிருந்தால் தண்டித்திருப்பேன் என்று எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். சட்டம் அறியாத வெளியூராருக்கு அறிவுரை. அறிந்த உள்ளூராருக்குத் தண்டனை. நீதியின் நிறை அதுவே.

ஆனால் மக்கள் பேசத்தானே செய்வார்கள்? அரட்டையும் கவிதையும் சந்தைச் செய்தியும் எங்கே போகும்? இதற்கும் கலீஃபா வழி செய்தார்கள். பள்ளியின் அருகே புதைஹா எனப்பட்ட திறந்தவெளி ஒன்றை அமைத்து, பேச விரும்புவோரும் கவிதை பாட விரும்புவோரும் குரலெழுப்ப விரும்புவோரும் அங்கே செல்லலாம் என்று அறிவித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா இதனைப் பதிவு செய்துள்ளது. வெறும் தடையோடு நில்லாமல் மாற்றிடமும் அளித்த இந்தச் சட்டத்தின் அழகை நம் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகிகள் எண்ணிப் பார்த்தல் நலம்.

அச்சட்டத்தில் முரட்டுத்தனமும் இல்லை. புலவர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பள்ளியில் கவிதை பாடியதைக் கலீஃபா கூர்ந்து நோக்கினார்கள். உம்மைவிடச் சிறந்தவர் இருந்தபோதே இங்கு பாடியவன் நான் என்று புலவர் விடையிறுத்து, அபூஹுரைரா (ரலி) அவர்களைச் சாட்சிக்கு அழைத்தார். அண்ணலார் அனுமதித்த ஒன்றின்மேல் கலீஃபாவின் அதிகாரம் செல்லவில்லை.

தம் இல்லத்திலும் அவ்வாறே. அவர்களின் துணைவியார் ஒருவர் இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் ஜமாஅத்தில் கலந்துகொள்ளப் பள்ளி செல்வார்கள். ஆத்திகா (ரலி) அவர்களே அவர் என அறிஞர்கள் குறிப்பிடுவர். கணவருக்கு அதில் விருப்பமில்லை என்பது ஊரறிந்தது. ஆயினும் அல்லாஹ்வின் பெண்ணடியார்களைப் பள்ளிகளிலிருந்து தடுக்காதீர் என்ற அண்ணலாரின் கட்டளை இருந்தமையால், பேரரசையே ஆண்ட அவர்கள் தம் மனைவியைத் தடுக்கவில்லை.

ஹிஜ்ரி 17-இல் மதீனாப் பள்ளியை விரிவாக்கியபோது அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இடையில் நின்றது. விற்க அவர்கள் இசையவில்லை. வழக்கு உபை (ரலி) அவர்களிடம் சென்றது. அவர்கள் கலீஃபாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள், கலீஃபாவும் பணிந்தார்கள். தம் உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னர் அப்பாஸ் அவர்கள் அந்த இடத்தை விலையின்றியே பள்ளிக்கு வழங்கிவிட்டார்கள் என்று அறிவிக்கப்படுகின்றது. இறையில்லத்தின் பெயராலும் ஒருவர் உரிமையைப் பறித்தல் ஆகாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பிறர் வழிபாட்டின் காவல்

நம்முடைய தொழுகையை நாம் காப்பது பெரிதன்று. பிறருடைய வழிபாடு நம் கையில் சிக்கியிருக்கும்போது நாம் என்ன செய்கின்றோம் என்பதே சோதனை. உமர் (ரலி) அவர்களுக்கு அச்சோதனை கி.பி. 637 அல்லது 638-இல் ஜெருசலத்தில் வந்தது.

முற்றுகையிடப்பட்ட நகரத்தின் தலைமைப் பாதிரியார் ஸொஃப்ரோனியஸ், கலீஃபாவிடம் நேரில்தான் நகரை ஒப்படைப்பேன் என்றார். கலீஃபா அவர்கள் எளிய உடையில் அங்கு சென்றார்கள். அந்நகரத்தாருக்கு வழங்கிய உறுதிமுறியை வரலாற்றாசிரியர் தபரி தந்துள்ளார். அவர்களின் உயிர், உடைமை, தேவாலயங்கள், சிலுவைகள் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆலயங்களில் எவரும் குடியேறக்கூடாது. அவற்றை இடிக்கவோ குறைக்கவோ கூடாது. மதத்தின் பொருட்டு எவர்மீதும் வற்புறுத்தல் கூடாது என்பன அதன் சாரம். அதன் சொற்கள் ஒவ்வொன்றும் முதல் முறியில் இருந்தவைதாமா என்று ஆய்வாளர்கள் விவாதிப்பதுண்டு. உமர் அவர்களின் பெயராலேயே வழங்கும் வேறொரு கடுமையான நிபந்தனைப் பட்டியலைப் பிற்காலத்தது எனப் பலர் கருதுவதும் உண்டு.

அலெக்ஸாந்திரியாவின் கிறிஸ்தவத் தலைவராக இருந்த ஸயீத் இப்னு பத்ரீக், பத்தாம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். உயிர்த்தெழுதல் ஆலயத்தின் முற்றத்தில் கலீஃபா அமர்ந்திருந்தபோது தொழுகை வேளை வந்தது. ஆலயத்தினுள்ளேயே தொழலாம் என்று பாதிரியார் அழைத்தார். கலீஃபா அவர்கள் மறுத்து, வெளியே வாயிற்படியில் தனியே தொழுதார்கள். தாம் உள்ளே தொழுதால், உமர் தொழுத இடம் என்று கூறிப் பின்வரும் முஸ்லிம்கள் ஆலயத்தையே எடுத்துக்கொள்வர் என்று காரணம் கூறினார்கள். அதோடும் விடவில்லை. அந்தப் படிகளில் முஸ்லிம்கள் கூட்டாகத் தொழவோ பாங்கு சொல்லவோ கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு வெற்றியாளர், தோற்றவரின் வழிபாட்டுக்காகத் தம் சொந்தச் சமுதாயத்தின்மீதே சட்டம் இயற்றுகின்றார்! தாம் அளிக்கும் மரியாதை நாளை தம் மக்களின் பேராசைக்குச் சாக்காகிவிடக்கூடாது என்று முன்னறிந்து வேலி கட்டுகின்றார். அந்த ஆலயத்துக்கு எதிரே இன்று நிற்கும் உமர் பள்ளிவாசல் கி.பி. 1193-இல் ஸலாஹுத்தீன் அய்யூபியின் மகன் அல்அஃப்தல் கட்டியது. ஆலயமும் நிற்கின்றது, பள்ளிவாசலும் நிற்கின்றது.

மடங்களும் கிறிஸ்தவ ஆலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் அழிக்கப்படாமல் காக்கப்படுவதை ஒருசேரப் பேசுகின்ற அல்ஹஜ் அத்தியாயத்தின் 40-ஆம் வசனம் அவர்களுக்கு வெறும் ஓதலாக இருக்கவில்லை, ஆட்சிமுறையாகவே இருந்தது.

இந்நாளில் அரசுகள் பலவும் இக்காவலைத் தம் சட்டநூல்களில் எழுதி வைத்துள்ளன. இந்தியாவில் 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 296-ஆம் பிரிவாக இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 300-ஆம் பிரிவாக உள்ளது. சட்டப்படி கூடி வழிபடுவோருக்கு வேண்டுமென்றே இடையூறு செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எம்மதத்தார் கூடினாலும் அதே பாதுகாப்பு. எம்மதத்தார் குலைத்தாலும் அதே தண்டனை. நமக்குத் தொல்லை நேரும்போது மட்டும் அப்பிரிவை நினைத்து, நம் தெருவில் பிறர் வழிபடும்போது மறந்துவிடுவோமாயின், நாம் உமர் (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லத் தகுதியுடையோர் ஆகமாட்டோம்.

முறியாத தொழுகை

ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாத இறுதி, கி.பி. 644 நவம்பர். ஃபஜ்ருத் தொழுகைக்கு மதீனாப் பள்ளி நிறைந்திருந்தது. கலீஃபா அவர்கள் வழக்கம்போல் அணிகளுக்கிடையே நடந்து, வரிசைகளை நேராக்கி, இடைவெளி இல்லை என்று கண்ட பின்னரே முன்னே சென்று தக்பீர் கட்டுவார்கள். பின்தங்கியோரும் வந்து சேரட்டும் என்று முதல் ரக்அத்தில் யூஸுஃப், நஹ்ல் போன்ற நீண்ட அத்தியாயங்களை ஓதுவார்கள்.

அன்று தக்பீர் கூறிய சிறு பொழுதிற்குள், முகீரா (ரலி) அவர்களின் அடிமையான அபூலுஃலுஆ என்பவன் இருமுனைக் கத்தியால் அவர்களைக் குத்தினான். தப்பியோடும் வழியில் இருபுறமும் பதின்மூவரைக் குத்தினான். அவர்களில் எழுவர் இறந்தனர். ஒருவர் தம் மேலங்கியை அவன்மேல் வீசிப் பிடிக்க, அவன் தன்னையே குத்திக்கொண்டு மாண்டான்.

குருதி கொட்டும் அந்நேரத்தில் உமர் (ரலி) அவர்கள் செய்தது என்ன தெரியுமா? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் கையைப் பற்றி இமாமின் இடத்தில் முன்னிறுத்தினார்கள். அருகில் நின்றோர் நடந்ததைக் கண்டனர். பள்ளியின் ஓரங்களில் நின்றவர்களோ எதுவும் அறியாமல், கலீஃபாவின் குரல் திடீரென நின்றுவிட்டதே என்று ஸுப்ஹானல்லாஹ் கூறிக்கொண்டிருந்தனர். அப்துர் ரஹ்மான் அவர்கள் சுருக்கமாகத் தொழுவித்து முடித்தார்கள். கலீஃபா வீழ்ந்தார்கள், ஜமாஅத்து முறியவில்லை.

மயக்கம் தெளிந்தபோது தொழுகையை நினைவூட்டினர். தொழுகையை விட்டவனுக்கு இஸ்லாத்தில் பங்கில்லை என்று கூறி, காயத்திலிருந்து இரத்தம் வடிய வடியவே தொழுதார்கள். தமக்குப் பின்வரும் கலீஃபாவுக்கு அளித்த இறுதி அறிவுரைகளுள் ஒன்று, முஸ்லிமல்லாத குடிமக்களுக்கு அளித்த வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டும், அவர்களுக்காகப் போராட வேண்டும், தாங்க இயலாத சுமையை அவர்கள்மேல் ஏற்றக்கூடாது என்பதாகும். தொழும்போதே குத்தப்பட்ட ஒருவர், பழிவாங்கும் நினைவின்றிப் பிறருடைய பாதுகாப்பை நினைத்தபடி விடைபெறுகின்றார்.

அருமை வாசகர்களே! தங்கையின் வீட்டில் ஓர் அவையைக் கலைத்ததில் தொடங்கி, உயிர் பிரியும் வேளையிலும் ஓர் அவை கலையாமல் காத்ததில் முடிந்தது அந்த வாழ்வு. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலின் அமைதியில் நீங்கள் அமரும்போது, அதற்கு விலை கொடுத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வேறொரு வழிபாட்டுக் கூட்டத்தைக் கடந்து செல்லும்போது, படியில் தனியே நின்று தொழுத அந்தக் கலீஃபாவை நினைத்துக்கொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக! அவர்களின் கட்டுப்பாட்டில் ஒரு சிறு பங்கையேனும் நமக்கும் அருள்வானாக! ஆமீன்.